சுண்ணாம்புக்கு அடியில் உன் அம்மா

மகனே,

நீ அனுப்பிய நோட்டீஸ் தாள் வந்து நாலு நாளாகிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை படித்து, தப்பு இருந்தால் சொல்லுங்கள் அய்யா என்று மேலே பென்சிலில் எழுதியிருந்தாய். படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நீயும் உன் கூட்டாளிகளும் மெட்ராஸ் கடற்கரை மணலில் கம்பு நட்டுக் கயிறு கட்டி உங்கள் படங்களை மாட்டப் போகிறீர்கள், சுண்டல் விற்கிறவரும் ரிக்‌ஷா இழுக்கிறவரும் டிக்கெட் இல்லாமல் வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்ததைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, பாம்பனில் என் வலைக் கொட்டகைச் சுவரில் ஓர் ஓவியர் உன் அம்மாவைப் படமாக எழுதியதையும், அந்தப் படத்தைப் புயல் கொண்டுபோனதையும், நீ தூரிகை பிடித்ததற்கே அந்தச் சுவர்தான் காரணம் என்பதையும் எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், 'ஊர் பார்க்கத் தன் சுவரைக் கொடுத்த என் அய்யாவுக்கு' என்று முடித்திருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வரியை எடுத்துவிடு. அதற்கு மேலே உள்ள வரியையும் எடுத்துவிடு. அந்தப் படத்தைப் புயல் கொண்டுபோகவில்லை. நான் அழித்தேன். பட்டப்பகலில், என் கையால், சுண்ணாம்பு அடித்து அழித்தேன். ஐந்து வருடமாக உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரில் சொல்ல வாய் வராது என்பது எனக்குத் தெரியும். நான் சத்தம் போடுகிற ஆள், மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை, நீயும் கண்டிருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துப் படி.

புயல் அடித்த அந்த வருடம் ஈஸ்டர் கழிந்து படக்காரர் வந்தார். ஒல்லி ஆள், மூக்குக்கண்ணாடி, கதர் ஜிப்பா, தோளில் ஒரு சாக்குப் பை. ஊருக்குள் ஒரு மாதத்துக்கும் மேலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். வலை பின்னுகிறவன், கருவாடு காயப்போடுகிறவள், பாலத்துக்கு அடியில் தூண்டில் போடுகிற கிழவன் என்று கண்டவரையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். நீ லீவில் வந்திருந்தாய். அவர் பின்னாலேயே அலைந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், வலை உலர்த்துகிற கம்புகளுக்கு இடையில் கயிறு கட்டி அத்தனை தாளையும் மாட்டி வைத்திருக்கிறார். ஊரே போய் நின்றது. மூக்கு எங்கேயோ இருக்கிறது, கை முழத்துக்கு நீள்கிறது, ஆனாலும் இன்னார் என்று பார்த்த உடனே தெரிகிறது. இதை எதற்கு இங்கே மாட்டினீர் என்று நான்தான் கேட்டேன். "உங்களை எழுதிவிட்டு உங்களுக்குக் காட்டாமல் மெட்ராஸுக்கு எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டு மாதிரி இருக்கும்" என்றார். நீ இன்றைக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டுவது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் அவர் ஒரு சுவர் கேட்டார். தாள் கிழிந்துவிடும், சுவரில் எழுதினால் ஊரிலேயே இருக்கும் என்றார். நான் இரண்டு வத்தைக்குச் சொந்தக்காரன். என் வத்தைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் கட்டிக் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஊரில் சம்மாட்டி என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கோயிலிலிருந்து கரைக்குப் போகிற பாதையில் என் வலைக் கொட்டகைதான் பெரிய சுவர். என் சுவரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அதைத்தான் நீ பெருந்தன்மை என்று நினைத்து நோட்டீஸில் போட்டிருக்கிறாய். அது பெருந்தன்மை இல்லையடா. என்னைத்தான் எழுதுவார் என்று நினைத்தேன். சம்மாட்டி சுவரில் சம்மாட்டியைத்தானே எழுத வேண்டும்? வத்தையின் முகப்பில் தலைப்பாகையோடு நான் நிற்பேன், பின்னால் என் ஆட்கள் வலை இழுப்பார்கள், கோயிலுக்குப் போகிறவன் எல்லாம் என்னைப் பார்த்துவிட்டுப் போவான் என்று மனதுக்குள் அந்தப் படத்தை நானே போட்டு முடித்துவிட்டேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. கேட்டால் சின்னத்தனமாகத் தெரியும் என்று ஒரு வீம்பு.

அவர் உன் அம்மாவை நிற்கச் சொன்னபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஓரத்தில் எங்கேயாவது கூடையோடு வைப்பார் என்று நினைத்து, நில்லு என்று நான்தான் சொன்னேன். நீ பள்ளிக்கூடம் திறந்து ராமநாதபுரம் போர்டிங்குக்குப் போகும்போது கோடு போட்டு நீலம் மட்டும் பூசியிருந்தார். துணிக்குப் போடுகிற நீலம், விளக்குக் கரி, செம்மண், அவ்வளவுதான் அவருடைய வர்ணம். கண் இன்னும் வைக்கவில்லை. நீ போய் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டார். அன்றைக்கு நான் கடலிலிருந்து வந்து வலையைக்கூட இறக்காமல் போய்ப் பார்த்தேன்.

சுவர் முழுக்க உன் அம்மா. தரையிலிருந்து கூரை வரைக்கும் நிற்கிறாள். முகம் நீலம், கை நீலம், இடுப்பில் கூடை, கண் ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். அவள் காலடியில் ஆண்கள் மீன் குஞ்சு மாதிரி சின்னச் சின்னதாக ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். அதில் என்னைத் தேடினேன். ஒவ்வொரு தலையாகத் தேடினேன். இல்லை. என்னய்யா முகம் நீலமாக இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, விடிகிற நேரத்தில் கரையில் நிற்கிற பெண்களின் முகம் இந்த நிறம்தான், நீங்கள் அந்த நேரம் கடலில் இருப்பதால் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார். எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மறுநாளே அவர் ரயிலேறிவிட்டார்.

உன் அம்மாவுக்கு முதலில் வெட்கம். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஓடிவிட்டாள். அப்புறம் பார்த்தால், கரைக்குப் போகச் சந்து வழி கிட்டமாக இருந்தும் அவள் சுற்றிக்கொண்டு சுவர் வழியாகவே போவாள். நின்று பார்க்க மாட்டாள், நடையை மட்டும் கொஞ்சம் குறைப்பாள். கருவாட்டுக் கூடைக்காரிகள் ஏலம் முடிந்து அந்தச் சுவர் நிழலில்தான் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். தங்களில் ஒருத்தி இத்தனை பெரிதாக நிற்பது அவர்களுக்கு என்னவோ செய்திருக்க வேண்டும். உனக்கு எழுதுகிற கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல நான்தானே எழுதுவேன்? சுவர் முடிந்துவிட்டது, லீவுக்கு வந்து பார் என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். சுவரைப் பற்றி உன்னிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

ஆண்கள் சிரித்தார்கள். அதை நான் மறைக்கவில்லை. எனக்குப் போட்டியாக இன்னொரு சம்மாட்டி இருந்தாரே, வடக்குத் தெருவில், இப்போது கண் தெரியாமல் இருக்கிறார், அவர் ஒரு நாள் ஏலத்தில் நாலு பேர் நடுவில் வைத்துச் சொன்னார்: "சுவத்துல உம்ம வீட்டம்மா சுறா கணக்கா நிக்கிறாக. உம்மைத்தான் எங்கன தேடியும் காணோம்." சிரிப்பு அடங்க நேரமானது. இத்தனை நாளாக நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் என்னவென்றால், பெண்டாட்டியை ஊர் கேலி பேசியது, மானம் போயிற்று, அதனால் அழித்தேன் என்பது. அதுவும் பொய். அவளைக் கேலி செய்ததற்காக எனக்குக் கோபம் வரவில்லை. என்னைக் காணோம் என்றதுதான் சுருக்கென்று தைத்தது. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன், நீ படித்துக்கொள்.

திருவிழா வந்தது. கொடியேறுவதற்கு முன்னால் சப்பரம் வருகிற பாதையில் உள்ள சுவருக்கெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர் வெள்ளையடிப்பது நம் ஊர் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். என் கொட்டகைச் சுவரும் அந்தப் பாதையில்தான். எனக்கு நல்ல சாக்குக் கிடைத்தது. புனிதரின் பேரைச் சொன்னால் யார் என்ன கேட்பார்கள்? உன் அம்மாவிடம் சுண்ணாம்பு கரைக்கச் சொன்னேன். வீட்டு முகப்புக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள், நான் நினைக்கவிட்டேன். நம் சூளைச் சுண்ணாம்பு, கடல் கல்லைச் சுட்டது. இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தன் பழைய சேலையில் வடிகட்டி, வச்சிரப் பசையைக் காய்ச்சி ஊற்றி, கை பொத்துப்போகிற அளவுக்குக் கலக்கினாள். ஊரில் அவள் கரைத்த சுண்ணாம்பு மழைக்கும் உதிராது என்று பேர். மூன்றாம் நாள் அவள் நவநாள் செபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நான் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். சம்மாட்டி தானே மட்டை பிடித்து வெள்ளையடிக்கிறாரே என்று பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். காலிலிருந்து ஆரம்பித்து மேலே போனேன். முகத்துக்கு வந்தபோது கண்ணை ஏறிட்டுப் பார்க்காமல் அடித்தேன்.

செபம் முடிந்து பெண்களோடு வந்தாள். சுவர் ஈரம் காயவில்லை. அவள் சுவரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பொத்துப்போன தன் விரலைப் பார்த்தாள். சண்டை போடுவாள், அழுவாள் என்று நான் பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"நல்லா ஒட்டும். வச்சிரம் ஊத்தித்தான் கரைச்சேன்" என்றாள்.

அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அதற்கப்புறம் உனக்குக் கடிதம் சொல்லும்போது ஆடு குட்டி போட்டதைச் சொல்வாள், மீன் பாடு எப்படி என்று சொல்வாள், சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். காலாண்டு லீவில் உனக்கு அம்மை போட்டுப் போர்டிங்கிலேயே இருந்துவிட்டாய். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. பெற்ற பிள்ளைக்கு அம்மை போட்டதில் நிம்மதிப்பட்ட தகப்பன் நான்.

டிசம்பரில் புயல். அதை நான் உனக்குச் சொல்ல வேண்டாம். தனுஷ்கோடி போச்சு, ரயில் போச்சு, நம் பாலம் முறிந்து கிடந்தது. கடல் நம் தெருவுக்குள் வந்து போனது. மூன்றாம் நாள் கொட்டகையைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை. சுவர் அப்படியே நின்றது. அலை அடித்த இடத்தில் மேல் பகுதியில் சுண்ணாம்பு ஒரு பாளமாகப் பெயர்ந்திருந்தது. அந்த ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ இரண்டு நாளில் படகில் கடந்து வருவதாகத் தகவல் வந்திருந்தது. ஊரில் பிணம் ஒதுங்கிக்கொண்டிருக்கிறது, உன் அம்மா கோயில் வளாகத்தில் தப்பி வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள், நான் என்ன செய்தேன் தெரியுமா? மிச்சம் கிடந்த சுண்ணாம்பைத் தேடி எடுத்துக் கரைத்து அந்தக் கண்ணை மூடினேன். இரண்டாவது தடவை. முதல் தடவையாவது ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அதுவும் கிடையாது.

நீ வந்ததும் சுவரைத்தான் கேட்டாய். தண்ணீர் ஏறிப் பூச்செல்லாம் விழுந்துவிட்டது, நான்தான் புதிதாகப் பூசினேன், புயலில் போச்சுடா என்றேன். அத்தனை உயிரைத் தின்ற புயலின் தலையில் என் காரியத்தையும் தூக்கி வைத்தேன். சாவு விழுந்த வீடுகளுக்கு நடுவில் ஊரில் எவரும் உன்னிடம் சுவர்ப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா உனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று உன்னைக் கேட்டாள். படக்காரர் அந்த வாரமே கார்டு போட்டிருந்தார், எல்லாரும் சுகம்தானா, சுவர் இருக்கிறதா என்று. எல்லாரும் சுகம், சுவர் போய்விட்டது என்று பதில் எழுதினேன். அந்த மனிதர்தான் பிற்பாடு உன்னை ஓவியக் காலேஜில் சேர்த்துவிட்டார். உங்கள் காட்சியைத் திறந்து வைக்க வருகிறார் என்றும் நீ எழுதியிருக்கிறாய். அவர் முன்னால் வைத்து நீ எனக்கு நன்றி சொல்வாய், அவர் தலையாட்டுவார். அதை நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இதெல்லாம் எழுதியும் பிரயோசனம் இல்லை. மறு வருடம் அம்மா காமாலையில் படுத்தாள் இல்லையா, நீ பரீட்சைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளாகவே பேச்சை எடுத்தாள். "அந்தச் சுவத்துல நீங்க இருந்தீக" என்றாள். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். "கரையில நின்னு எதைப் பாப்பீகன்னு படக்காரரு கேட்டாரு. எங்க வீட்டு ஆளு வத்தை திரும்புதான்னு பாப்பேன்னு சொன்னேன். கண்ணுல பாய் ஒண்ணு எழுதினாரு, கட்டைவிரல் நகம் அம்புட்டுப் பெருசு. செவப்பு ஒட்டுப் போட்ட பாயி. நீங்க கிட்டக்க வந்து பாக்கலை." பழைய பாவாடையைக் கிழித்து அவள் ஒட்டுப் போட்ட பாய் அது, கரையில் வேறு எவனிடமும் அப்படி ஒரு பாய் கிடையாது. இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே" என்றாள்.

அவள் போய் நாலு வருடமாகிறது. அவள் அதைச் சொன்ன அன்றைக்கே நான் சுவரைச் சுரண்டியிருக்கலாம். அவள் உயிரோடு இருக்கும்போதே அவள் முகத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. சுரண்டினால் உனக்கு உண்மை தெரிந்துவிடும் என்ற பயம். அவளை ஒரு போட்டோகூட எடுத்து வைக்காத ஆள் நான். அம்மா முகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது அய்யா, வரைந்தால் யாரோ மாதிரி வருகிறது என்று நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதற்கு நான் போட்ட பதில், உடம்பைப் பார்த்துக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு.

நோட்டீஸ் வந்த மறுநாள் காலையில், எல்லாரும் பாதையில் போகிற நேரத்தில், நனைத்த சாக்கைச் சுவரில் போர்த்திவிட்டு மட்டிச் சிப்பியால் சுரண்ட ஆரம்பித்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வடக்குத் தெரு சம்மாட்டி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார், அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் புயலுக்கு அப்புறம் அடித்தது தோல் மாதிரி உரிந்து வந்தது. அதற்கு அடியில் உன் அம்மா கரைத்தது லேசில் விடவில்லை. ஒரு கண் மட்டும் வெளியே வந்திருக்கிறது. பாய் இருக்கிறது. ஒட்டு இருக்கிறது. அதற்குமேல் கை வைத்தால் சுண்ணாம்போடு நீலமும் சேர்ந்து வருகிறது, என் நகக்கண்ணெல்லாம் நீலம். நிறுத்திவிட்டேன். இன்னொரு தடவை நான் அவளை அழிக்க மாட்டேன். இதைப் பெயர்க்கிற வழி உன் படிப்பில் இருக்கலாம், படக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டிக் கேள். திட்டினால் திட்டட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் தகப்பன் கடிதம் என்றால் ஒன்றாவது இருக்க வேண்டாமா? உன் படங்களுக்கு முன்னால் நின்று எவனாவது இது என்ன கண்றாவி என்று சிரித்தால் அவன் மேல் கோபப்படாதே. பக்கத்தில் போய் நில். அவன் அதில் தன்னைத் தேடிக் காணாமல் சிரிக்கிறவனாக இருக்கலாம். கிட்டக்க வந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல். எனக்கு யாராவது அதைச் சொல்லியிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா என்பதும் நிச்சயமில்லை.

நோட்டீஸில் கடைசி வரியை மாற்று. 'சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவரின் மகன்' என்று போடு. ஊர், தெரு எல்லாம் போடு. எனக்கு ஆட்சேபம் இல்லை. நீ என்னோடு பேசாமல் இருந்தால் அதற்கும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சுவருக்காக ஒரு தடவை வந்து போ.

நேற்று என் ஆட்களை மட்டும் கடலுக்கு அனுப்பிவிட்டு நான் தங்கிவிட்டேன். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கரைக்குப் போய்ப் பெண்கள் நிற்கிற இடத்தில் ஓரமாக நின்றேன். சம்மாட்டிக்கு இங்கே என்ன வேலை என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அப்புறம் மறந்துவிட்டுக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கிழக்கே லேசாக வெளுத்தது. நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை பேர் முகமும் நீலம். படக்காரரிடம் சொல், நான் பார்த்துவிட்டேன் என்று.

உன் அய்யா